டிவிக்குக் கீழே ஒரு குட்டி கேபினட்

டிவி ஸ்டாண்டுக்குள் வைக்க, மினி-ஐடிஎக்ஸ் எனும் சின்ன அளவு கம்ப்யூட்டர் கேபினட் ஒன்று வாங்கினேன். மதர்போர்டு 17 செ.மீ. சதுரம்தான், சுலபமாக உட்கார்ந்துவிட்டது. தலைவலி, பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர்தான். 37 மி.மீ. உயர நாக்டுவா கம்பெனி கூலருக்கே மேல்மூடி இடிக்காத குறை. மூடியிலோ ஓர் ஓட்டைகூட இல்லை. படம் போட்ட கொஞ்ச நேரத்தில் கூலர் ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும்.

போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, மூடியில் ஃபேனுக்கு நேர் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, 92 மி.மீ. வட்டம் வரைந்து, வட்டமாக அறுக்கும் ஹோல் சாவால் மெதுவாக அறுத்தேன். டேப் இருந்ததால் பெயிண்ட் உரியவில்லை. விளிம்பை அரத்தால் ராவி, இரும்புத்தூளைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் போர்டு உள்ளே போனது. ஒரு துகள் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

ஓட்டை மட்டும் போட்டால் பாதி வேலைதான். கேபினட்டுக்குள் சுற்றும் சூட்டையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். அதனால் ஃபேனைச் சுற்றி, மூடியைத் தொடும் உயரத்துக்கு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினேன். வெளிக்காற்று நேராக ஃபேனுக்கு வருகிறது. தூசி நுழையாமல் இருக்க ஓட்டைக்குக் கொசுவலைத் துண்டு; கடையில் விற்கும் காந்த ஃபில்டர் இதற்குத் தேவையில்லை என்பது என் கட்சி. அப்புறம் அதிர்வுச் சத்தம் அடங்க ஹார்ட் டிஸ்க்குக்கு ரப்பர் வாஷர். இப்போது படத்தில் கிசுகிசுப்பதுகூடத் தெளிவாகக் கேட்கிறது.