நெல்லைச் சீமையில் பாராகிளைடிங்: ஒரே காற்று என்று நம்பிப் பறக்காதீர்கள்

கேரளத்து வாகமனிலோ மகாராஷ்டிரத்துக் காம்ஷெட்டிலோ பறந்து பழகிவிட்டு வருபவர்களுக்கு அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் நின்று மலையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, கிழக்கே கடல் வரைக்கும் சமவெளி. அப்புறம் என்ன என்று தோன்றும். முதல் தவறு அங்கேதான். வாகமன், தொடர்ச்சி மலையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அரபிக்கடல் காற்று அந்தச் சரிவில் மோதி மேலே ஏறும், நம்மைத் தாங்கும் துணி இறக்கையான விங்கையும் தூக்கும். நாம் இருப்பது மலைக்குக் கிழக்கே. அதே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, இங்கே மலையைத் தாண்டி, உருண்டு இறங்கி வருகிறது. தாமிரபரணியில் பாறையைத் தாண்டிய தண்ணீர் பாறைக்குப் பின்னால் எப்படிச் சுழல்கிறதோ அப்படித்தான். இந்தச் சுழலுக்கு ரோட்டர் என்று பெயர். அதில் மாட்டினால் விங் மடங்கும். தரைக்குப் பக்கத்தில் மடங்கினால் ரிசர்வ் பாராசூட் விரியக்கூட உயரம் இருக்காது.

ஆனி, ஆடியில் இது உச்சம். தென்மேற்குப் பருவத்தில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வேகமான மேல்காற்று ஓடை ஒன்று ஓடுகிறது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அது நெருக்கிக்கொண்டு புகுந்து இன்னும் வேகம் பிடிக்கிறது. முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் கயத்தாறிலும் காற்றாலைக் காத்தாடிகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. சாதாரண பாராகிளைடரின் இயல்பு வேகம் மணிக்கு 36 முதல் 40 கிலோமீட்டர். எதிர்க்காற்று அதைத் தாண்டினால் முகம் மேற்கே பார்த்தபடி கிழக்கே பின்னோக்கிப் போவீர்கள்.

இதில் ஏமாற்றுவது காலை நேரம். விடியலில் தரையில் இலை அசையாது. ராத்திரி குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்க, மேல்காற்று அதன் மேலே வழுக்கி ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு இரண்டும் கலந்ததும் திடீரென்று தரைக்கு வந்துவிடும். செல்போன் செயலியில் தரைக்காற்றை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள். 1,000 மீட்டர், 1,500 மீட்டர் உயரத்துக் காற்றையும் பாருங்கள். பார்க்க மறந்தால் மலையே சொல்லும்: உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் மேகம் கிழக்கே வழிந்து கரைந்துகொண்டிருந்தால், அங்கே காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் சாரலை ரசிக்க நல்ல நாள், பறக்க இல்லை. என்னைக் கேட்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் விங்கைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

சரி, மாசி, பங்குனிக்கு வருவோம். மேல்காற்று ஓய்ந்திருக்கும், வெயில் தெர்மல்களை, அதாவது சூடேறி மேலெழும் காற்றுத் திரள்களை, கிளப்பும், நீண்ட தூரம் பறக்க ஆசைப்படலாம். இப்போது எதிரே வருவது மன்னார் வளைகுடாவின் கடல்காற்று. களக்காட்டு மலையடியிலிருந்து உவரிக் கடற்கரை நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். விங்கின் வேகம் 38 என்று வைத்துக்கொண்டால், முதுகுக்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் தள்ளினால் தரைவேகம் 53 வரை வரும். ‘ஒரு மணி நேரத்தில் கடற்கரை’ என்று மனசு கணக்குப் போட்டுவிடும். பாதி வழியில் கடல்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடித்தால் 38-இல் மிஞ்சுவது 18. காற்றில்லாத வேளையில் 1,000 மீட்டர் உயரத்துக்கு 8 கிலோமீட்டர் நழுவிப் போகிற விங், இப்போது நான்கைக்கூடத் தொடாது. கடல்காற்று குளிர்ந்தது, கனமானது. அதற்குள் நுழைந்துவிட்டால் தெர்மலும் பெரும்பாலும் செத்துவிடும்.

இரண்டு காற்றும் முட்டுகிற கோட்டில் காற்றுக்குப் போக்கிடம் மேலேதான், அதனால் அங்கே நல்ல தூக்கல் கிடைக்கும். பலர் அதை வீணாக்குகிறார்கள். கோட்டை ஒட்டியே கரைக்கு இணையாகப் பறப்பதை விட்டுவிட்டுக் கடலை நோக்கிக் குத்திக்கொண்டு போவார்கள். இன்னும் சிலர் எதிர்க்காற்றில் உயரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து விங்கின் வேகத்தைக் குறைக்கும் பிரேக் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். விங் நகராது, உயரம் மட்டும் கரையும். எதிர்க்காற்றில், காலால் மிதித்து வேகம் கூட்டும் ஸ்பீட் பாரை மிதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டைத் தாழ்வாகக் கடக்கும்போது முழுக்க மிதிப்பது வேறு வினை. குலுங்குகிற காற்றில் வேகமாகப் போகும் விங் முன்விளிம்பிலேயே மடங்கும். உயரம் இருக்கும்போது கடங்கள், இல்லையென்றால் திரும்பி உள்நிலப் பக்கமே இறங்குங்கள்.

கோடு எங்கே என்று கண்டுபிடிக்க நம் சீமையில் அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை. குளத்தில் எந்தக் கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறதோ அந்தக் கரையிலிருந்து காற்று வருகிறது. குப்பை எரிக்கும் புகை இங்கே கிழக்கே சாய்ந்து, அடுத்த ஊரில் மேற்கே சாய்ந்தால் இரண்டுக்கும் நடுவில்தான் சண்டை. திசையன்விளைப் பக்கம் தேரியில் செம்மண் தூசி எழும்பும் விதத்தையும் கவனிக்கலாம். காத்தாடிகளின் முகம் காற்று வரும் திசையைக் காட்டும். ஆனால் இறக்கை சுற்றவில்லை, அதனால் காற்றில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பராமரிப்புக்காகவும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமலும் நிறுத்தி வைப்பதுண்டு. சுற்றுகிற காத்தாடிக்குப் பின்னால் காற்று வெகுதூரம் கலங்கிக் கிடக்கும். நூறு மீட்டர் விட்டம் என்றால் ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போவது நல்லது.

சித்திரையில் இன்னொன்று சேரும். மத்தியானத்துக்கு மேல் மலையோரம் மேகம் கோபுரமாக எழும்புகிறது, மேலே ஏறுவதை ஒலியால் சொல்லும் வேரியோ கருவியோ இனிமையாகக் கூவுகிறது, ‘இன்னும் கொஞ்சம்’ என்று சுற்றத் தோன்றும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே, ஜெர்மனி வீராங்கனை ஈவா விஷ்னியர்ஸ்காவை இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்றது. மயங்கிய நிலையிலேயே பறந்து, பனி உறைந்த உடையோடு உயிர் தப்பினார். அதே இடிமேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே ஜோங்பின் இறந்துபோனார். அடிவாரத்தில் மழை இறங்கினால் அதிலிருந்து வெளிப்படும் குளிர்க்காற்று பல கிலோமீட்டர் ஓடி வரும். மேகம் தூரத்தில்தானே என்ற சமாதானம் வேண்டாம்.

வரைபடம் பார்க்காமல் கிளம்புவதும் பெருந்தவறு. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம் எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்தான். மலைச்சரிவின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கவும் முடியாது, வழி தவறி இறங்கினால் தேடி வர ஆளும் கிடைக்காது.

இறங்குமிடத்தை ஐந்நூறு மீட்டர் உயரம் இருக்கும்போதே தேர்ந்துவிடுங்கள். வாழைத்தோட்டமும் நடவு முடிந்த வயலும் மேலிருந்து மெத்தை மாதிரி தெரியும். வாழைக்கு விவசாயி நஷ்டஈடு கேட்பார், கேட்பது நியாயமும்கூட. மின்கம்பியை மேலிருந்து பார்க்க முடியாது, கம்பங்களைத் தேடுங்கள். தரிசில் இறங்கலாம் என்றால் உடைமரம் இருக்கிறதா என்று பாருங்கள், முள் விங்கைக் கிழித்துவிடும். கடற்கரை மணலில் இறங்குவது கடல்காற்று வீசும்போது மட்டும் சரி. மேல்காற்று வீசும் நாளில் உவரியிலோ மணப்பாட்டிலோ காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். அன்றைக்குக் கரைக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிட்டு, பஸ் பிடித்துப் போய்க் கடலைப் பாருங்கள்.