நாய்க்கு அஜிலிட்டி பழக்குமுன்: கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடைகளைத் தாண்டியும் நுழைந்தும் வளைந்தும் நாய் ஓடும் விளையாட்டான அஜிலிட்டி என்றதும் பலரும் முதல் வேலையாகக் கட்டுவது தாண்டும் கம்பியைத்தான். வீடியோவுக்கு நன்றாக இருக்கும். நாய்க்கு அது கடைசிப் பாடம். கால் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு சிறிய நாய்க்கு ஏறக்குறைய ஒரு வயதிலும், ராஜபாளையம், ராமநாதபுரம் மண்டை போன்ற பெரிய உடம்பு இனங்களுக்கு ஒன்றரை வயதை ஒட்டியும்தான் இறுகுகிறது. எஃப்.சி.ஐ. என்ற உலக நாய்வளர்ப்புக் கூட்டமைப்பின் போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாயைச் சேர்ப்பதில்லை. அதுவரை கம்பியைத் தரையிலேயே கிடத்துங்கள், தாண்டி நடந்தால் போதும். கூப்பிட்டால் வருவது, சொன்ன இடத்தில் நிற்பது, உங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டி ஓடுவது எல்லாம் அந்த மாதங்களில் பழக வேண்டியவை.

இடத்தேர்விலும் சறுக்குகிறார்கள். மண்டபம், தொண்டி, ஏர்வாடி என்று எங்கும் மணல் இருக்கிறதே என்று காய்ந்த மணலில் ஓடவிட்டால் கால் புதைந்து தோளும் தசைநாரும் இழுபடும். அலையோர ஈரமணல் கெட்டிதான், ஆனால் சரிவு. ஒரு பக்கக் காலே பாரம் தாங்கும். மொட்டைமாடி வழுக்கும், சுடும். கெட்டிப்பட்ட சமதரையே நல்லது. சீமைக்கருவேல முள், அறுந்த வலை, தூண்டில் முள் இருக்கிறதா என்று முதலில் நடந்து பார்த்துவிடுங்கள். கரையில் கழித்துப்போட்ட பேத்தை மீன் கிடக்கும். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, நாயின் உயிரையே வாங்கிவிடும். ஆகவே எந்தத் தடைக்கும் முன்னால் 'விடு' என்ற சொல்லைப் பழக்குங்கள்.

தாண்டும் கம்பியை அதைத் தாங்கும் சட்டத்தின் கால்களோடு பசைபோட்டு ஒட்டுவது பெருந்தவறு. நாய் இடித்தால் எந்தப் பக்கமும் கழன்று விழ வேண்டும். ஒரு அங்குல பி.வி.சி. குழாய் தாராளம். கச்சான் காற்றில் சட்டம் சாய்ந்து நாயை மிரட்டாதிருக்க, அடிக்குழாயில் மணலை நிரப்பி மூடியிடுங்கள். சங்கிலியோ கழுத்துப்பட்டையோ எதிலாவது மாட்டி நெரிக்கும். வேலியடைத்த இடத்தில் கழற்றிவிட்டே பழக்குங்கள்.

அதிகம் கெடுவது, வரிசையாக நட்ட கழிகளுக்கிடையே நாய் வளைந்து வளைந்து ஓடும் தடையில்தான். கையில் இறைச்சித் துண்டைப் பிடித்துக் கழிகளுக்கிடையே நாயை இழுத்துக்கொண்டு போவார்கள். நாய் கையைத்தான் கற்கும், கழியை அல்ல. கை இல்லாதபோது நேராக ஓடிவிடும். கழிகளுக்கிடையே 60 செ.மீ. விடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசையாக்கி, நடுவே நாய் நேராக ஓடும் அகலத்தில் சந்து விடுங்கள். நாய் தயங்காமல் ஓடும்வரை அதே அகலம். பிறகு சில நாளுக்கொரு முறை இரண்டு செ.மீ. நெருக்கினால் உடம்பு தானாக வளையப் பழகும். முதல் கழி நாயின் இடத்தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும் என்பது விதி. தொடக்கத்திலேயே அதைப் பழக்காவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. கழியும் சவுக்குக் கம்பாக இல்லாமல் வளையும் குழாயாக இருக்கட்டும், தோள் இடிபடும் இடம் அது.

டனலுக்குள் (நாய் நுழைந்தோடும் சுருங்கி விரியும் குழாய்) நாயைத் தள்ளக் கூடாது. ஒரு மீட்டருக்குச் சுருக்கி, நேராக வைத்து, இருபுறமும் மணல் மூட்டை முட்டுக்கொடுத்து, மறுமுனையிலிருந்து கூப்பிடுங்கள். நடைபலகை 30 செ.மீ. அகலத்தில் முதலில் தரையில், பிறகு செங்கல் உயரத்தில். பெயிண்ட் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவினால் வழுக்காது. நாய் ஏறி நடக்கையில் மறுமுனை தாழும் ஏற்றப்பலகை (சீசா) 'டம்' என்று விழும் சத்தத்தில் மிரண்ட நாய் திரும்ப ஏறாது. விழும் முனைக்கடியில் சாக்கு போடுங்கள்.

வீட்டில் ஒருவர் 'தாண்டு', இன்னொருவர் 'ஜம்ப்' என்றால் நாய் இரண்டையும் விட்டுவிடும். ஒரு சொல் போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். உப்பில்லாமல் அவித்த கோழியைக் கொண்டைக்கடலையளவு கொடுத்து, அந்த அளவை இரவுச் சோற்றில் குறையுங்கள்.

காலை ஏழுக்குள் அல்லது பொழுது சாய்ந்தபின், பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள். கடல்நீரைக் குடிக்க விடாமல் நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கம். அங்கேயே நிழலில் வயிறும் தொடையிடுக்கும் நனையத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.