ஜவ்வாது, ஏலகிரியில் புதுச் சிற்றினமா? பெயர் சூட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செடியையோ பல்லியையோ காளானையோ புதுச் சிற்றினம் என்று அறிவித்தால், இதுவரை பெயரிடப்பட்ட எந்தச் சிற்றினமும் அது இல்லை என்று அறிவித்ததாகப் பொருள். அதை நிரூபிக்கும் பொறுப்பு அறிவிப்பவருடையது. வேலூரைச் சுற்றியுள்ள மலைகளில் புதியவை இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஏலகிரிப் பாறைகளில் வாழும் நெமாஸ்பிஸ் ஏலகிரியென்சிஸ் என்ற சின்னப் பல்லிக்கு 2020இல்தான் பெயர் கிடைத்தது. ஜவ்வாது மலையின் காளான்களையும் பூச்சிகளையும் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் கண்டெடுத்த பிறகு செய்யும் பிழைகளால் நல்ல கண்டுபிடிப்புகள்கூட வீணாகின்றன. தவறாகச் சூட்டிய பெயரை அடுத்து வருபவர்கள் பல ஆண்டுகள் சுமக்க வேண்டியிருக்கிறது.

"எந்த நூலிலும் இல்லை, அதனால் புதிது"

மிகப் பெரிய தவறு இதுதான். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதி 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. மேத்யூ பாதிரியார் தமிழகத்துக்குள் உள்ள கர்நாடிக் பகுதிக்கு (இது கர்நாடக மாநிலம் இல்லை) தொகுத்தவை அதற்கு வெகுகாலம் பிந்தியவை. இரண்டும் இன்றும் இன்றியமையாதவை. ஆனால் அவற்றின் அடையாளத் திறவுகோலில் உங்கள் செடி சிக்கவில்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: நூலுக்குப் பின் விவரிக்கப்பட்ட சிற்றினமாக இருக்கலாம், ஆந்திரத்திலோ கர்நாடகத்திலோ இலங்கையிலோ முன்பே பதிவானதாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களையாக இருக்கலாம். நான்காவதாகத்தான் புதிது என்ற வாய்ப்பு வருகிறது.

செய்ய வேண்டியது இது. அந்தப் பேரினத்தில் இந்தியா, இலங்கை, மியான்மர் பகுதிகளிலிருந்து சூட்டப்பட்ட எல்லாப் பெயர்களையும் பட்டியலிடுங்கள். வேறொன்றோடு சேர்த்துக் கைவிடப்பட்ட பழைய பெயர்களையும் விடாதீர்கள். அப்படிக் கைவிடப்பட்ட ஒரு பெயர் உங்கள் மலையின் உயிருக்கே உரியதாக இருக்கக்கூடும். அப்போது வேண்டியது பழைய பெயரை மீட்பதுதான், புதுப் பெயர் தேவைப்படாது. ஒவ்வொரு பெயருக்கும் முதல் விவரிப்பை மூலத்திலேயே படியுங்கள். மேற்கோளை நம்பக் கூடாது. பிறகு வகை மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மூல மாதிரியைப் பாருங்கள். பிரிட்டனின் கியூ, எடின்பரோ போன்ற இடங்களில் உள்ள தாவர மாதிரிகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு (உலர்தாவர மாதிரிக் காப்பகம்) நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. மயிரின் தன்மை, சூலகத்தின் உள்ளமைப்பு போன்றவை படத்தில் தெரியாது.

பல்லி, தவளை, தேள் என்று வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. சமவெளியில் தனித்தனியாக நிற்கும் மலைகளில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சிற்றினம் இருக்கலாம். அதை வைத்து "வேறு மலை, அதனால் வேறு சிற்றினம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மலை மாறுவது சந்தேகப்படக் காரணமே தவிரச் சான்று ஆகாது.

லேபிளில் "வட ஆற்காடு" என்றிருந்தால்

பழைய மாதிரிகளோடு ஒப்பிடுபவர்கள் இங்கே அடிக்கடி வழுக்குகிறார்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை சித்தூர், பலமநேர், சந்திரகிரி வட்டங்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தன. திருப்பதி மலையும் அதில் அடக்கம். ஆகவே அதற்கு முன் எழுதிய "வட ஆற்காடு" லேபிள் இன்றைய ஆந்திர மலையைக் குறிக்கலாம். 1989இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றிலும் கிடக்கிறது. லேபிளில் மாவட்டப் பெயரோடு நிறுத்தினால் இன்னும் இருபது வருடத்தில் உங்கள் மாதிரியும் இதே குழப்பத்துக்கு ஆளாகும்.

எனவே ஊர், மலை, காப்புக்காடு, அட்சரேகை, தீர்க்கரேகை, அவை எந்த அளவீட்டு முறையில் எடுக்கப்பட்டவை (ஜி.பி.எஸ். கருவிகளில் பெரும்பாலும் டபிள்யூஜிஎஸ் 84), கடல்மட்ட உயரம், நாள், சேகரித்தவர், சேகரிப்பு எண் எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். நல்ல தாளில் பென்சிலால் எழுதினால் ஆல்கஹாலில் அழியாது. பால்பாயின்ட் மை கரைந்துவிடும். ஜவ்வாது, ஜவாது, ஜவ்வாதி, ஜவாடி என்று எழுத்து பலவிதமாக அலைகிறது. ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி

காப்புக்காட்டுக்குள் நுழையவும் சேகரிக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் பட்டியலில் உள்ள உயிர் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும். எடுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல ஆய்விதழ்கள் அனுமதி எண்ணைக் கேட்கின்றன. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், முதலில் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதிரியைக் கெடுப்பது

விலங்குகளில் வழக்கமான இழப்பு டி.என்.ஏ. உடலை நேராக ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். முதலில் கல்லீரல் அல்லது தசைத் துண்டு ஒன்றை எடுத்துத் தூய எத்தனாலில் வையுங்கள். அதன் பிறகு உடலை 10% ஃபார்மலினில் நிலைப்படுத்தி, நீரில் கழுவி, 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள். திசுக் குப்பிக்கும் உடலுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். பதப்படுத்தினால் உடல் சுருங்கும். உயிரோடு அளந்ததையும் பதப்படுத்திய பின் அளந்ததையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

வளராத குட்டியை வைத்தோ ஒரே ஒரு மாதிரியை வைத்தோ விவரிப்பது ஆபத்து. நெமாஸ்பிஸ் பல்லிகளில் முக்கிய அடையாளமான தொடை, கழிவாய்ப் பகுதித் துளைகள் ஆணில்தான் தெரியும். சிலந்தியில் இனப்பெருக்க உறுப்பு முதிராமல் சிற்றினத்தைப் பிரிக்கவே முடியாது. முதிர்ந்த ஆணும் பெண்ணும் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

செடிகளில் பூ இல்லாத கிளையைக் கொண்டுவருவது வீண். பிராக்கிஸ்டெல்மா போன்ற கிழங்குச் செடிகள் கோடை மழை விழுந்ததும் சில வாரங்கள் பூத்து மறைந்துவிடும். பருவம் தவறினால் அடுத்த வருடம்தான். பூவைத் தாளில் அழுத்தினால் நிறமும் முப்பரிமாண வடிவமும் போய்விடும். சில பூக்களை 70% எத்தனாலில் தனியாக வையுங்கள். நிறம், மணம், பால் வடிகிறதா என்பதை உடனே எழுதுங்கள். ஒரே செடிக்கூட்டத்திலிருந்து இரண்டு, மூன்று நகல் தாள்கள் (செடியை அழுத்தி ஒட்டியவை) போதும். அரிதான செடியைக் கிழங்கோடு பிடுங்கிக் கூட்டத்தையே அழித்துவிடாதீர்கள்.

அதிகம் கெட்டுப்போவது காளான்தான். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேலூர் வெயிலில் சில மணி நேரத்தில் அழுகிவிடும். காகித உறையிலோ அலுமினியத் தாளிலோ தனித்தனியாகச் சுற்றுங்கள். தரையில் இருக்கும்போதே மேல், கீழ், குறுக்குவெட்டு மூன்றையும் படமெடுங்கள். தண்டைப் பாதியில் ஒடிக்காமல் அடியோடு தோண்டி எடுங்கள். அடியில் உறை போன்ற பை இருக்கிறதா என்பது பேரினத்தையே மாற்றும் செய்தி. எந்த மரத்தடி, அழுகிய கட்டையா, கரையான் புற்றா என்பதையும் குறியுங்கள். வெட்டியதும் நிறம் மாறுகிறதா, எத்தனை நிமிடத்தில் என்றும் எழுதுங்கள். உலர்ந்த பிறகு இவற்றில் எதையும் திரும்பப் பெற முடியாது.

அன்றிரவே ஒரு காளானின் குடைப் பகுதியை வெள்ளைத் தாளும் கறுப்புத் தாளும் ஒட்டிய அட்டையில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி வையுங்கள். காலையில் வித்துப் (ஸ்போர்) படிவு கிடைக்கும். வித்தின் அளவை இந்தப் படிவிலிருந்து எடுங்கள். குடையின் அடியிலுள்ள செவுள்களைச் சுரண்டி எடுத்தால் முதிராத வித்துகளும் கலந்து அளவு சிறிதாக வரும். இரண்டு, மூன்று காளான்களிலிருந்து ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 முதல் 30 வித்துகளை அளந்து, நீளம், அகலம், அவற்றின் விகிதம் மூன்றையும் வரம்போடு கொடுங்கள். அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் வித்து கருநீலமாகிறதா என்பதை விடாமல் சோதியுங்கள். மீதியை 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் முறுக்கென்று ஒடியும்வரை உலர்த்துங்கள். சூடு கூடினால் திசு வெந்துவிடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

டி.என்.ஏ.வை மட்டும் நம்புவது

காளானின் ஐடிஎஸ் என்ற டி.என்.ஏ. பகுதியைப் பொது வரிசைத் தரவகமான ஜென்பேங்கில் தேடி, "97 விழுக்காட்டுக்குக் கீழ், எனவே புதிது" என்று எழுதும் பழக்கம் பரவிவிட்டது. அந்த எண் எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தும் எல்லைக்கோடு இல்லை. சில குழுக்களில் 99% ஒத்தவை வேறு சிற்றினங்கள். சிலவற்றில் ஒரே சிற்றினத்துக்குள் அதைவிட வேறுபாடு உண்டு. ஜென்பேங்கில் தவறாக அடையாளம் காணப்பட்ட வரிசைகளும் ஏராளம். வகை மாதிரியிலிருந்து எடுத்த வரிசைகளைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள், உறவைக் காட்டும் மரபுவழி மரம் வரையுங்கள், உருவத்தில் நிலையான வேறுபாடு ஒன்றையாவது காட்டுங்கள்.

விதிநூலில் சறுக்குவது

விலங்குக்கு ஒரு விதிநூல், தாவரத்துக்கும் பூஞ்சைக்கும் இன்னொன்று. ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோவதால் வரும் பிழைகள் பெயரையே செல்லாததாக்கும்.

தாவரம், பூஞ்சைக்கு 2012 முதல் வேறுபடுத்தும் குறிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழில் மட்டும் வெளியிட்டால் பெயர் ஏற்கப்படாது. தமிழ் விவரிப்பைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, சேர்ப்பது நல்லது. விலங்குகளுக்கு இந்த மொழிக் கட்டுப்பாடு இல்லை.

ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமாக ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் ஒற்றை வகை மாதிரி, தாவரத்தில் ஒரே சேகரிப்பாக இருக்க வேண்டும். ஜூனில் எடுத்த பூவையும் செப்டம்பரில் எடுத்த காயையும் சேர்த்து ஹோலோடைப் என்று அறிவித்தால் பெயர் செல்லாது. பூவுள்ள தாளை ஹோலோடைப்பாக்கி, காயைப் பிற மாதிரியாகக் குறிப்பிடுங்கள். அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். பூஞ்சையின் உயிருள்ள வளர்ப்பை வகை மாதிரியாக்க முடியாது. உலர்த்தியோ உறைய வைத்தோ இயக்கமற்ற நிலையில் பாதுகாக்கப்பட்டதாகக் குறிப்பிட வேண்டும்.

பூஞ்சைக்கு 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் கட்டுரையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் விலங்கியல் கட்டுரை விலங்குப் பெயர்களின் பதிவகமான சூபேங்கில் பதிவாகி, அதற்கான சான்று கட்டுரைக்குள் இருக்க வேண்டும். தாவரத்துக்கு முன்பதிவுக் கட்டாயம் கிடையாது. அச்சுக்கு முன் வரும் படியில் பதிவு எண்ணோ சான்றோ உள்ள அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், பல நேரம் பதிப்பாசிரியர்களே விட்டுவிடுகிறார்கள்.

சிற்றினப் பெயர் பேரினப் பெயரின் லத்தீன் இலக்கணப் பாலோடு ஒத்துப்போவது சிறிய விஷயம். நெமாஸ்பிஸ் பெண்பால் என்பதால் "-என்சிஸ்", பிராக்கிஸ்டெல்மா ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் இலக்கணப் பால் என்பதால் "-என்சே". பிழையானாலும் பின்னர் திருத்திவிடலாம், பெயர் போகாது.

அவசர அறிவிப்பும் மிகையான அறிவிப்பும்

கட்டுரை வெளிவரும் முன் பெயரைக் கருத்தரங்கிலோ நாளிதழிலோ முகநூலிலோ சொல்லிவிடாதீர்கள். விவரிப்பில்லாத வெற்றுப் பெயராக அது சுற்றும், வேறொருவர் அதே பெயரை வேறு உயிருக்கு வைக்கவும் வழியுண்டு.

ஒரு பாறையில் பத்துச் செடி பார்த்ததும் "மிக அருகிய இனம்" என்று எழுதுவதும் தவறு. பக்கத்து மலைகளில் அதே பருவத்தில் தேடிப் பார்த்து, எங்கெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை என்று சொன்னால்தான் அந்த மதிப்பீடு நிற்கும். அதுவரை "தரவு போதாது" என்ற வகையே நேர்மையானது. அதே சமயம், சந்தன மரம் கடத்தப்பட்ட மலைகள் இவை. விற்பனைக்காகத் தோண்டக்கூடிய ஆர்க்கிட், கிழங்குச் செடி, சிலந்தி என்றால் துல்லியமான இடக்குறிப்பை மாதிரி வைக்கும் நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்து, கட்டுரையில் மலைப் பெயரோடு நிறுத்துங்கள்.

பல்லுயிர்ச் சட்டம், 2002இன் 39ஆம் பிரிவுப்படி புதுச் சிற்றினம் கண்டவர் அதை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்து அலமாரியில் வைத்துக்கொண்டு "எங்கள் துறையில் உள்ளது" என்று எழுதும் பழக்கம் இதனால்தான் தவறு. பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அலமாரி காலியாகும், ஹோலோடைப்பும் போய்விடும். விலங்கை இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கும் தாவரத்தை இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்கும் கொடுத்து, வரவு எண் வாங்கிய பிறகே கட்டுரையை அனுப்புங்கள். "எண் பின்னர் சேர்க்கப்படும்" என்று விட்ட இடம் அச்சிலும் அப்படியே காலியாக வந்த கட்டுரைகள் உண்டு.