ஈரல் கட்டிக்கு டியூப் போட்டவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஈரலில் சீழ் கட்டி, அதை வெளியே வடிக்கும் மெல்லிய குழாயான பிக்டெயில் டியூப் போட்டுக்கொண்டு உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திரும்புகிறவர்களின் வீட்டாரிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயிற்றைக் கிழிக்காமல், ஸ்கேனில் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசியைச் செலுத்துவார்கள். ஊசி வழியே மெல்லிய கம்பி போகும். ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே டியூபை ஏற்றுவார்கள். ரத்தக்குழாய்க்காக 1953-இல் சுவீடன் டாக்டர் செல்டிங்கர் எழுதிய முறை இது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதால் ஆள் விழித்தே இருப்பார். துளை சின்னதுதானே, வேலை முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. சீழ் வற்றும்வரை டியூப் அடைபடாமல், நழுவாமல் இருக்க வேண்டும்.

டியூப் வழியே சீழ் வடிந்து சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது பையைக் கூட வருபவர் பிடித்துக்கொள்ளுங்கள். படியில் மாட்டி இழுபட்டால் டியூபே வெளியே வந்துவிடும். டியூபில் ஊக்கு குத்தவே கூடாது. தோலை ஒட்டி டியூபில் ஒரு கோடு போடச் சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்திரி மாற்றும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பாருங்கள். தள்ளிப் போயிருந்தால் டியூப் நழுவுகிறது என்று அர்த்தம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பையைக் காலி செய்து, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். அமீபா என்ற கிருமியால் வரும் கட்டியின் சீழ் சாக்லேட் நிறத்தில் வரும். "ரத்தமா போகுதே சிஸ்டர்" என்று பதறிப்போய் போன் செய்வார்கள். அந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். சிவப்பாக ரத்தம் வந்தாலோ, பச்சையாகப் பித்தநீர் மாதிரி வந்தாலோ உடனே கிளம்பி வாருங்கள்.

சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) செலுத்தி டியூபைக் கழுவச் சொல்லியிருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸ் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். வழக்கமாக 5 முதல் 10 மில்லிதான், மெதுவாக. இறுக்கமாக இருந்தாலோ வலித்தாலோ நிறுத்துங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். வீட்டில் காய்ச்சிய உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. உள்ளே விட்ட அளவைப் பையின் கணக்கில் கழித்து எழுதுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் சீழ் குறையவில்லையே என்ற கவலை.

சீழ் வருவது திடீரென நின்று காய்ச்சலும் குளிரும் வந்தால் அது குணமல்ல, அடைப்பு. முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப் இருக்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால் மடங்கும். மடங்கலை எடுத்துவிட்டாலும் காய்ச்சல் வந்திருந்தால் அன்றே வந்து காட்டுங்கள், இரவானாலும் சரி.

கட்டு நனையக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். சாராயம் அறவே கூடாது, டியூப் போட்டவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

ஒரு நாளுக்கு 10 மில்லிக்கும் குறைவாக வந்து, ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தால் டாக்டர் டியூபை எடுப்பார். உள்முனை சுருண்டிருக்கும், பல டியூப்களில் ஒரு நூல்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கும். நூலை விடுவிக்காமல் இழுத்தால் ஈரலைக் கிழிக்கும். அதனால் வீட்டில் யாரும் கை வைக்காதீர்கள். தானாகக் கழன்று விழுந்தால் திரும்பச் செருகாமல், சுத்தமான காஸ் துணியால் மூடி, நோட்டையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு அன்றே வாருங்கள்.