மரங்கொத்தியின் முதுகைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்

போன மாசியில் நெடுங்கேணியில் ஒரு வளவுத் தென்னையில் மரங்கொத்தி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மேல்முதுகு செங்கல் நிறம், சிறகோரம் வெளிறிய செம்மஞ்சள், வாலடி கறுப்பு. பக்கத்தில் நின்ற தம்பி போனில் படம் எடுத்துவிட்டு, "அண்ணை, இது புது இனமோ?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் விடை சொல்லும்போது நாங்கள் வழமையாகச் சில பிழைகளை விடுகிறோம்.

யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் இருப்பது பொன்முதுகு மரங்கொத்தி. தெற்கே இருப்பது செம்முதுகு, இலங்கைக்கே உரியது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடல் அளவுகளையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, செம்முதுகைத் தனி இனமாகக் கொள்ளலாம் என்றது. இரண்டும் சந்திக்கும் இடங்களில் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. நெடுங்கேணி இருக்கும் வன்னி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

ஆகவே ஒற்றைப் பறவையை வைத்து முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே எத்தனையோ படிகள் உண்டு. நீங்கள் கண்டது அதில் ஒரு படி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி நெடுகப் பல இடங்களில், பல பறவைகளைப் பார்த்தால்தான் நிறம் எங்கே மாறத் தொடங்குகிறது என்று தெரியும்.

சொண்டையும் பார்க்க மறக்காதீர்கள். வெளிறிய சொண்டோடு பெரிதாக இருந்தால் அது வேறு மரங்கொத்தி. நாங்கள் பேசும் இரண்டு மரங்கொத்திகளுக்கும் சொண்டு கறுப்பு. உச்சி முழுக்கச் சிவப்பென்றால் ஆண். நெற்றி கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் பின்கொண்டை மட்டும் சிவப்புமென்றால் பெண். இதை ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு என்று எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். பின்னேர வெயிலில் மஞ்சள் முதுகும் சிவந்துதான் தெரியும், நிழலில் நிற்கும்போது ஒரு படம் எடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்த தவறு: நிறம் எவ்வளவு தூரமோ மரபணுவும் அவ்வளவு தூரம் என்று நினைப்பது. பல பறவைகள் இரையில் கிடைக்கும் மஞ்சள் நிறமியை உடலுக்குள்ளேயே சிவப்பாக மாற்றுகின்றன. அதற்கு ஓரிரு நொதிகள் போதும். அவற்றில் சின்ன மாற்றம் வந்தாலே பறவை வேறு ஆள் போலத் தெரியும். இதற்கு மறுதலையும் உண்டு. தமிழ்நாடு, கேரள மலைகளில் சோலைக்கிளி என்றொரு குருவி இருக்கிறது, பெயரில்தான் கிளி. அழியும் ஆபத்திலுள்ள பறவை. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே உள்ளதும் தெற்கே உள்ளதும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று, மரபணுவில் பிரிந்தவை. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் கணவாய்க்குத் தெற்கே உள்ள கூட்டத்தைத் தனியாகக் காக்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

அப்புறம், கலப்புப் பறவையை "சுத்தமில்லாதது" என்று ஒதுக்குவது. இது தானாக நடக்கும் கலப்பு, யாரும் கூட்டில் அடைத்துச் செய்ததல்ல. தனித்துப்போன கூட்டத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துப் பிரெய்ரிக் கோழி என்ற புல்வெளிக் காட்டுப் பறவை இருக்கிறது. 1962இல் சுமார் 2000 இருந்தவை 1994இல் 50க்கும் கீழே போயின. உறவுக்குள்ளேயே கூடிக் கூடி முட்டை பொரிப்பது குறைந்தது. 1992 முதல் வேறு மாநிலங்களிலிருந்து கோழிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பொரிப்பு மீண்டது. அதற்காக எந்தச் சின்னக் கூட்டத்திலும் வெளிப்பறவையைக் கொண்டுபோய் விடலாம் என்றில்லை. சோலைக்கிளி போல நெடுங்காலம் பிரிந்திருந்தவற்றைக் கலந்தால் அந்த மலைக்கென்று அமைந்த இயல்பே கரைந்துவிடலாம். முதலில் மரபணுவைப் பார்க்க வேண்டும்.

தம்பியின் படத்தில் சொண்டு கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் புள்ளி. இடம், திகதி, நேரம், "பெண், இடைநிறம்" என்று மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அடுத்த கிழமை புளியங்குளம் பக்கம் போகிறோம்.