பிரிட்ஜில் முதல் சீட்டு: எதை இறக்குவது?

பிரிட்ஜ், இரண்டிரண்டு பேர் ஓர் அணியாக நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம். எத்தனை சுற்று ஜெயிப்போம், எந்த இனம் (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர்) துருப்பு என்று சொல்லும் ஏலம் முடிந்துவிட்டது. ஏலத்தில் வென்ற அணிக்காக ஆடும் டிக்ளேரருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். டம்மி, அதாவது எல்லோரும் பார்க்க மேஜையில் விரிக்கப்படும் டிக்ளேரரின் பார்ட்னர் கை, இன்னும் விரியவில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரிவது கையில் உள்ள 13 சீட்டு மட்டும்தான். அதில் ஒன்றை இறக்கியாக வேண்டும். இதற்குப் பிறகு ஆடும் எல்லாச் சீட்டையும் டம்மியைப் பார்த்துக்கொண்டே ஆடலாம், இந்த ஒன்றுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் ஏலத்தைக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்களுக்கு வெளிச்சம்.

அதனால் முதல் படி, கையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ஏலத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டுவது. துருப்பே இல்லாத நோ ட்ரம்பா, ஓர் இனம் மற்ற இனங்களை வெட்டும் துருப்பு ஆட்டமா? பார்ட்னர் ஏதாவது இனம் சொன்னாரா? எதிரணி வாயே திறக்காத இனம் எது? பார்ட்னர் ஒரு இனத்தைச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அதையே இறக்குங்கள். உங்களிடம் அதில் 9, 5 என்று இரண்டே இருந்தால் 9. ராஜா, 7, 3 என்று படத்தோடு மூன்று இருந்தால் 3.

அடுத்து நோ ட்ரம்ப். எதிரணி 1 நோ ட்ரம்ப், 3 நோ ட்ரம்ப் என்று சொல்லி முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் ஒரு சுற்றுதான் ட்ரிக். அவர்களுக்கு 9 ட்ரிக் வேண்டும், உங்களுக்கு 5 கிடைத்தால் கான்ட்ராக்ட், அதாவது அவர்கள் ஏலத்தில் ஒப்புக்கொண்டது, உடையும். உங்கள் கை இது:

ஸ்பேட்: ராஜா, ஜாக், 7, 4, 2
ஹார்ட்: 9, 5
டைமண்ட்: ராணி, 8, 3
கிளாவர்: 10, 6, 4

இறக்க வேண்டியது ஸ்பேட் 4. வெட்டுவதற்குத் துருப்பு இல்லாத ஆட்டத்தில் நீளமான இனத்தின் சின்னச் சீட்டுகளும் கடைசியில் ஜெயிக்கும். அதனால்தான் நீளமான, பலமான இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டை இறக்குகிறோம்.

நான்காவதுதான் ஏன்? இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. இறக்கிய எண்ணை 11-லிருந்து கழித்தால், மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து அதைவிடப் பெரிய சீட்டு எத்தனை என்று வந்துவிடும். 11-ல் 4 போனால் 7. டம்மியில் 8, 6 விரிகிறது, பார்ட்னர் கையில் ஏஸ், 9, 5. ஆக பார்ட்னர் கண்ணுக்கு ஐந்து தெரிகிறது. மீதி இரண்டுதான் டிக்ளேரரிடம் இருக்க முடியும். பார்ட்னர் ஏஸால் பிடித்து 9-ஐத் திருப்பி ஆடுகிறார். டிக்ளேரரிடம் இருந்தது ராணி, 10, 3. அவர் 10 போட்டால் உங்கள் ஜாக் பிடிக்கும். ராணி போட்டால் ராஜா பிடிக்கும். அடுத்த சுற்றில் அவரிடம் மிஞ்சிய பெரிய சீட்டும் விழுந்துவிடும். அப்புறம் உங்கள் 7-ஐயும் 2-ஐயும் தடுக்க யாரிடமும் ஸ்பேட் இல்லை. ஐந்து ட்ரிக், கான்ட்ராக்ட் போச்சு! அந்த 2 ஜெயிப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த விதி மறக்கவே மறக்காது.

ராணி, ஜாக், 10 என்று மூன்று படியாக வரிசை இருந்தால் மட்டும் நான்காவதை விட்டுவிட்டு ராணியை இறக்குங்கள். "ஜாக் என்னிடம் இருக்கிறது" என்று பார்ட்னருக்கும் தெரிந்துவிடும்.

துருப்பு ஆட்டத்தில் யோசனை மாற வேண்டும். நீளமான இனத்தின் சின்னச் சீட்டை அவர்கள் வெட்டிவிடுவார்கள், காத்திருந்து பயனில்லை. ராஜா, ராணி சேர்ந்திருந்தால் ராஜா. ஏஸ், ராஜா சேர்ந்திருந்தால் ஏஸ். சில ஜோடிகள் ராஜாவை இறக்குவார்கள், எது என்று பார்ட்னரோடு முன்பே பேசி வையுங்கள்.

ஓர் இனத்தில் ஒற்றைச் சீட்டு இருந்தால் அதுவும் நல்ல தேர்வு. பார்ட்னர் அதே இனத்தைத் திருப்பி ஆடும்போது சின்னத் துருப்பால் வெட்டலாம். ஆனால் உங்கள் துருப்பே ராணி, ஜாக், 10 என்றால் அவசரப்படாதீர்கள். அதில் ஒரு ட்ரிக் எப்படியும் வரத்தான் போகிறது, வெட்டி லாபமில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: துருப்பு ஆட்டத்தில் ஏஸை வைத்துக்கொண்டு அதே இனத்தில் சின்னதை இறக்காதீர்கள். டிக்ளேரரிடம் ஒற்றை ராஜா இருந்தால் அது ஜெயித்துவிடும், அடுத்த முறை உங்கள் ஏஸை அவர் வெட்டிவிடுவார். ராஜா இல்லாத தனி ஏஸை முதலிலேயே இறக்குவதும் வீண்தான். எதிரியின் ராஜாவைப் பிடிக்க வேண்டிய ஏஸ், இரண்டு சின்னச் சீட்டுகளைப் பிடித்துவிட்டுப் போய்விடும்.

டிக்ளேரர் இரண்டு இனம் சொல்லி, டம்மி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, முதல் இனத்தில் நீங்கள் பலமாக இருந்தால் துருப்பையே இறக்குங்கள். டம்மி அந்த இனத்தை வெட்டத் தயாராக இருக்கும். அதன் துருப்பைக் குறைத்துவிடலாம்.

முடிவு செய்துவிட்டீர்களா? போட்டிகளில் இந்த முதல் சீட்டைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். ஏலத்தில் சந்தேகம் இருந்தால் பார்ட்னர் அப்போது கேட்டுக்கொள்ளலாம். அவர் முடித்ததும் சீட்டைத் திருப்புங்கள். டம்மி விரியும்.