டிஸ்க் பிதுங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணலாமா வேணாமா? எப்படி முடிவு பண்றது, அதுவரைக்கும் எப்படி சமாளிக்கிறது

டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறது, அது பிதுங்குனா காலுக்குப் போற நரம்பை அழுத்தும். எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "எக்ஸ்ட்ரூஷன்" (டிஸ்க்குக்குள்ள இருக்கிறது வெளிய வந்திருக்கு), "நரம்பு வேர் அழுத்தம்"னு நாலு வரி படிச்சதும் பாதிப் பேருக்கு உயிரே போயிடுது. அந்த ரிப்போர்ட்டை கொஞ்சம் ஓரமா வைங்க, முதல்ல உங்க காலைப் பாருங்க. ஏன்னா முதுகு வலின்னு சொல்லி டாக்டர்கிட்டயே போகாத ஆளுங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பல பேருக்கு டிஸ்க் உப்பியோ பிதுங்கியோ இருக்கிறதா வரும். 1994ல வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல பாதிப் பேருக்கு மேல ஒரு டிஸ்காவது உப்பியிருந்துச்சு, கால்வாசிக்கு மேல பேருக்கு பிதுங்கியே இருந்துச்சு, ஆனா எல்லாரும் நல்லா நடமாடிட்டு இருந்தவங்க. அதனால படத்துல இருக்கிற டிஸ்க்கும், உங்க வலி போற வழியும், அதே பக்கம், அதே நரம்புன்னு பொருந்தணும். வலது கால்ல வலி, ஸ்கேன்ல இடது பக்கம் பிதுங்கல்னா அந்த பிதுங்கலை வெட்டி எடுத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

மத்ததெல்லாம் பேசுறதுக்கு முன்னாடி இது ஒண்ணு. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருக்கு ஆனா வரமாட்டேங்குது, இல்லன்னா தெரியாமலே கசியுது, மோஷன் கன்ட்ரோல் போகுது, சைக்கிள் சீட்ல உக்காந்தா படுமே அந்த இடம் மரத்துப்போகுது, ரெண்டு காலும் ஒரே நேரத்துல பலம் இழக்குது, இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது, அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்கு போகணும். முதுகுத்தண்டோட அடியில இருக்கிற நரம்புக் கொத்து மொத்தமா அழுந்துறது இது, காடா ஈக்வைனா சிண்ட்ரோம்னு பேரு. அபூர்வமா வர்றதுதான், ஆனா லேட் ஆனா யூரின் கன்ட்ரோல் திரும்பி வராமலே போகலாம். முதுகு வலியோட காய்ச்சல், காரணமே இல்லாம எடை குறையுறது, முன்னாடி கேன்சர் வந்திருக்கிறது, இந்த மாதிரி இருந்தாலும் "டிஸ்க்தான்"னு நீங்களே முடிவு கட்டாம சீக்கிரம் காட்டுங்க.

சரி, காலைப் பாக்கிறதுன்னா எப்படி? ஒரு சுவரைப் பிடிச்சுக்கிட்டு முதல்ல குதிகால்ல மட்டும் பத்தடி நடங்க, அப்புறம் முன்பாதத்துல மட்டும் நடங்க. குதிகால் நடையில ஒரு பக்க பாதம் மேல நிக்காம தொங்குச்சுன்னாலோ, கட்டை விரலை மேல தூக்க பலம் இல்லன்னாலோ எல்5 நரம்பு (பெரும்பாலும் எல்4-எல்5 டிஸ்க்கால வர்றது; எல்4, எல்5ங்கிறது கீழ்முதுகு எலும்புகளோட நம்பர், எஸ்1 அதுக்கு அடுத்த கீழ் எலும்பு, டிஸ்க்குக்கு ரெண்டு எலும்போட பேரும் சேர்த்து வரும்). ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கி எம்ப முடியலன்னா எஸ்1 நரம்பு, அது எல்5-எஸ்1 டிஸ்க். இடுப்புல வர்ற டிஸ்க் கேஸ்ல பெரும்பகுதி இந்த ரெண்டு இடந்தான். வலியால செய்ய முடியலையா, இல்ல வலி இல்லாமலே கால் சொன்ன பேச்சைக் கேக்கலையான்னு பிரிச்சுப் பாருங்க, ரெண்டும் வேற வேற. இதை சில நாளுக்கு ஒரு தடவை செஞ்சு போன்ல தேதி போட்டு எழுதி வைங்க, கூடவே வலி எவ்வளவு, எதுவரைக்கும் இறங்குது, ராத்திரி தூக்கம் எப்படின்னு ஒரு வரி. டாக்டர்கிட்ட போய் "ரொம்ப வலிக்குது சார்"னு சொல்றதை விட இந்த குறிப்பு நூறு மடங்கு உதவும்.

எங்க வீட்டுலயே ரெண்டு கேஸ். எனக்கு எல்5-எஸ்1, பின்தொடையில இருந்து பாதம் வரைக்கும் சுள்ளுன்னு இழுக்கும், ஆனா பலம் குறையல, காத்திருந்தேன், போயிடுச்சு. எங்க அண்ணனுக்கு எல்4-எல்5, வலி என்னை விடக் கம்மிதான், ஆனா நடக்கும்போது வலது கால் செருப்பு கழண்டு பின்னாடி விழுந்து கிடக்கும், அவருக்கு விழுந்ததே தெரியாது, யாராவது கூப்பிட்டு சொல்லணும். பாதம் நாளுக்கு நாள் தொங்க ஆரம்பிச்சது, அவர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். வலியை மட்டும் வெச்சுப் பாத்தா நான்தான் ஆபரேஷனுக்குப் போயிருக்கணும்.

காத்திருந்தா எப்படிப் போகுதுன்னு நிறைய பேருக்கு நம்பிக்கை வர்றதில்ல. டிஸ்க்குக்கு வெளிய கெட்டியான நார் வளையம், உள்ள ஜெல்லி மாதிரி ஒரு சரக்கு. வளையம் கிழிஞ்சு உள்ள இருக்கிறது வெளிய வந்து நரம்பை அழுத்துறது மட்டும் இல்ல, அந்த சரக்கே நரம்புக்கு எரிச்சல் கொடுத்து வீங்க வைக்குது, ஆரம்ப வாரங்கள்ல வலி அவ்வளவு கொடூரமா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா வெளிய வந்ததை உடம்பு அந்நியப் பொருளா பாத்து கொஞ்சம் கொஞ்சமா தின்னு கரைச்சிடும். இதுல வேடிக்கை என்னன்னா, லேசா உப்பினதை விட பெருசா வெளிய வந்து துண்டா பிஞ்சு கிடக்கிறதுதான் அதிகமா கரையுது. அதனால "பெருசா இருக்கு, உடனே எடுத்தாகணும்"னு யாராவது சொன்னா, கால்ல பலம் போகாத வரைக்கும், அது மட்டுமே காரணம் ஆகாது. பெரும்பாலானவங்களுக்கு 6ல இருந்து 12 வாரத்துக்குள்ள கால் வலி நல்லாவே இறங்கிடும்.

அந்த வாரங்களை ஓட்டுறதுதான் பெரும்பாடு. படுத்தே கிடக்கிறது ஒண்ணு ரெண்டு நாளுக்கு மேல வேணாம், தசையெல்லாம் இறுகி இன்னும் மோசமாகும். அஞ்சு நிமிஷம் நடந்துட்டு வந்து படுக்கிறது, மறுபடி அஞ்சு நிமிஷம், அப்படியே கூட்டுங்க, ஒரே மூச்சுல அரை மணி நேரம் நடந்து வீராப்பு காட்ட வேணாம். எழுந்திருக்கும்போது மல்லாந்த நிலையில இருந்து நேரா எழும்பாதீங்க, முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒண்ணா ஒரு பக்கம் புரண்டு, காலை கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டு, அதே நேரத்துல கையை ஊனி உடம்பைத் தள்ளுங்க, நடுவுல முதுகு முறுகக் கூடாது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணியை உறிஞ்சி கொஞ்சம் உப்பியிருக்கும், அதனால எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் குனியிற வேலை எதுவும் வேணாம், பல் தேய்க்கும்போது கூட ஒரு கையை வாஷ்பேசின்ல ஊனிக்கிட்டு இடுப்புல இருந்து சாயுங்க. தும்மல் வருதுன்னு தெரிஞ்சா நிமிர்ந்து நின்னு சுவரையோ மேஜையையோ பிடிச்சுக்கோங்க, குனிஞ்சபடி தும்மினா அந்த ஷாக் குதிகால் வரைக்கும் போகும், பட்டவங்களுக்குத் தெரியும்.

உக்காருறதுதான் நிறைய பேருக்கு எதிரி. இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்திருங்க, போன் பேசுறதெல்லாம் நின்னுக்கிட்டே பேசுங்க. தூங்கும்போது ஒருக்களிச்சுப் படுத்தா முழங்காலுக்கு நடுவுல ஒரு தலையணை, மல்லாந்து படுத்தா முழங்காலுக்கு அடியில. இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல, டிரமடால் மாதிரி வலி மாத்திரை சிலது மலச்சிக்கல் கொண்டுவரும், அப்புறம் முக்கி முக்கி உக்காந்தா கால் வலி உச்சத்துக்குப் போகும், அதனால மாத்திரை எழுதும்போதே அதுக்கும் வழி கேட்டுடுங்க.

வலி எங்க இருக்குன்னு கவனிக்கிறது எவ்வளவு இருக்குங்கிறதை விட முக்கியம். பாதத்துல இருந்தது கெண்டைக்காலுக்கு வந்து, அப்புறம் தொடை, அப்புறம் இடுப்புன்னு மேல ஏறி சுருங்குச்சுன்னா, இடுப்பு வலி கொஞ்சம் கூடினா கூட, அது நல்ல அறிகுறி. இடுப்புல இருந்தது பாதத்துக்கு இறங்குச்சுன்னா நீங்க இப்ப செய்யிற ஏதோ ஒரு பயிற்சியோ உக்காருற விதமோ ஒத்துக்கல, நிறுத்துங்க. கால் இழுக்குதேன்னு பின்தொடையை நீவி நீட்டி ஸ்ட்ரெட்ச் பண்றது, குனிஞ்சு கால் விரலைத் தொடுறது ரெண்டுமே ஆரம்பத்துல வேணாம், இழுத்துப் பிடிக்கிறது தசை இல்ல, வீங்கின நரம்பு, அதை மேலும் இழுத்தா என்ன ஆகும்? உங்களுக்கு எந்தப் பக்கம் அசைஞ்சா வலி மேல ஏறுதுன்னு பாத்து பயிற்சி குடுக்கிற பிசியோதெரபிஸ்ட்டா தேடுங்க, எல்லாருக்கும் ஒரே பேப்பரை பிரிண்ட் எடுத்து குடுக்கிறவங்ககிட்ட வேணாம். தட்டி நீவி டிஸ்க்கை உள்ள தள்ளிடுவேன்னு சொல்றவங்களைப் பத்தி ஒரே வார்த்தை, வெளிய வந்தது அப்படி உள்ள போகாது, மரத்துப்போற கால்ல முறுக்கி சொடுக்கு எடுத்தா ஆபத்துதான் மிச்சம்.

மாத்திரையைப் பத்தி சுருக்கமா. ஐபுப்ரொஃபென் வகை கொஞ்ச நாளுக்கு உதவும், வயித்துப் புண், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க கேக்காம போடாதீங்க. சயாட்டிகாவுக்கு (நரம்பு அழுந்தி காலுக்கு இறங்குற இந்த வலிதான்) ப்ரீகாபலின்ங்கிற நரம்பு வலி மாத்திரை குடுத்து 2017ல வந்த ஒரு ட்ரையல்ல வெத்து மாத்திரையை விட அது பெருசா எதுவும் பண்ணல, தலைசுத்தல்தான் அதிகம், ஆனா ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருந்தா சட்டுனு நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லி குறைங்க. முதுகுத்தண்டுல போடுற ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு சில வாரம் வலியைக் குறைக்கும், டிஸ்க்கை சரி பண்ணாது, தூங்க முடியாம தவிக்கிறவங்களுக்கு அந்த சில வாரமே பெரிய விஷயம்.

இப்ப ஆபரேஷன். யூரின், மோஷன் கன்ட்ரோல் போனா யோசிக்கவே இடமில்ல. கால்ல பலம் நாளுக்கு நாள் குறைஞ்சாலும் சர்ஜனை உடனே பாருங்க, வாரக்கணக்கா தள்ளாதீங்க. இடுப்பு மட்டும் வலிக்குது, கால்ல ஒண்ணும் இல்லன்னா, டிஸ்க்கை எடுக்கிற இந்த ஆபரேஷன் உங்களுக்கானது இல்ல, இது கால் வலிக்கான ஆபரேஷன். இதுக்கு நடுவுல இருக்கிறவங்கதான் ஜாஸ்தி, பலம் இருக்கு, ஆனா ஆறு வாரம் தாண்டியும் கால் வலி விடல.

அவங்களுக்கு ரெண்டு ஆராய்ச்சி சொல்றேன். 2007ல நெதர்லாந்துல 283 பேர், 6ல இருந்து 12 வாரமா கடுமையான சயாட்டிகா, பாதிப் பேருக்கு சீக்கிரம் ஆபரேஷன், மீதிப் பேரை காத்திருக்கச் சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணவங்க சீக்கிரம் தேறினாங்க, ஆனா ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தாங்க. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேர் நடுவுல தாங்க முடியாம ஆபரேஷனுக்குப் போனாங்க, அதையும் சேர்த்துதான் அந்த கணக்கு. இன்னொண்ணு 2020ல கனடாவுல, 4ல இருந்து 12 மாசமா வலியோட இருந்த 128 பேர், ஆறு மாசம் கழிச்சு கால் வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா ஆபரேஷன் பக்கம் 2.8, மத்த பக்கம் 5.2. சேர்த்துப் படிச்சா எனக்குப் புரியுறது இதுதான், ரெண்டு மாசத்துல இருக்கிறவர் வலி கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னா தாராளமா காத்திருக்கலாம், நாலஞ்சு மாசம் ஆகியும் குறிப்புல ஒரே கோடா போய்ட்டு இருந்தா "ஆபரேஷனே வேணாம்"னு பிடிவாதம் பிடிக்கிறதுல லாபம் இல்ல. நடுவுல உங்க வாழ்க்கை நிலவரமும் வரும், லீவு எவ்வளவு இருக்கு, கைக்குழந்தையைத் தூக்கணுமா, பாரம் தூக்குற வேலையா, இன்னும் எத்தனை ராத்திரி தூக்கம் இல்லாம தாங்குவீங்க, இதெல்லாம் மெடிக்கல் காரணம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

சர்ஜன்கிட்ட போகும்போது கேள்வியை எழுதிக்கிட்டு போங்க. இந்த ஆபரேஷன்ல என்னோட எந்த தொந்தரவு போகும், எது போகாது? இன்னும் ஆறு வாரம் காத்திருந்தா எனக்கு என்ன நஷ்டம்? ஸ்கேன்ல இருக்கிற இடமும் என் கால் அறிகுறியும் பொருந்துதா? மைக்ரோடிஸ்கெக்டமியா (சின்னதா கீறி மைக்ரோஸ்கோப் வழியா பாத்து டிஸ்க் துண்டை எடுக்கிறது), எண்டோஸ்கோப்பியா (கேமரா குழாய் விட்டு எடுக்கிறது), நீங்க எதை அடிக்கடி பண்றீங்க? முதல் தடவை வந்த சாதாரண டிஸ்க்குக்கே ஸ்க்ரூ போட்டு எலும்பைச் சேக்கணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க, பெரும்பாலும் அது தேவைப்படாது, கண்டிப்பா இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க. ரிஸ்க் கம்மிதான், ஆனா இல்லாம இல்ல, இன்ஃபெக்ஷன், நரம்பைச் சுத்தி இருக்கிற உறை கிழியுறது, ரத்தக்கட்டு, நரம்பு சேதம், அப்புறம் 100ல 5ல இருந்து 15 பேருக்கு அதே இடத்துல மறுபடி பிதுங்கும்.

பண்ணியாச்சுன்னா, அன்னைக்கோ மறுநாளோ நடக்க வைப்பாங்க. பெரும்பாலும் கால் வலிதான் முதல்ல போகும், பலம் வர வாரங்கள், மாசங்கள் ஆகும், மரத்துப்போனது கடைசியா வரும், சிலருக்கு ஓரத்துல கொஞ்சம் மிச்சமே இருக்கும், எங்க அண்ணனுக்கு கட்டை விரல் பக்கம் இன்னும் இருக்கு. சில வாரத்துக்கு குனியிறது, முறுக்கிறது, பாரம் தூக்கிறது மூணும் வேணாம், உக்காந்து பாக்குற வேலைக்கு சுமார் 2ல இருந்து 4 வாரத்துல திரும்பலாம், கடினமான வேலைக்கு 6ல இருந்து 12 வாரம், உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. காய்ச்சல், தையல் இடத்துல சீழோ தண்ணியோ கசியுறது, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, போன கால் வலி அதே பழைய வேகத்தோட திரும்புறது, ஒண்ணுக்கு போறதுல மாற்றம், இதுல எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போன் பண்ணுங்க.